ஆச்சியோட சோடாபுட்டி கண்ணாடி

போன மாசம் பாளையங்கோட்டையில எங்க வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணினோம். ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள்ள ஆச்சியோட மூக்குக் கண்ணாடி கிடைச்சுது. ஒரு காம்பு உடைஞ்சிருக்கு, கண்ணாடி மட்டும் அரை விரல் தடிமன். “எதுக்குல இதெல்லாம்? தூரப் போடு”ன்னாங்க அம்மா. நான் போடலை. ஏன் போடலைங்கறதுதான் இன்னைக்கு எபிசோடு.

ஆச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது 1980-களோட தொடக்கத்துல, ஒரு கண் முகாம்ல. கண்புரைங்கறது கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் மங்கிப் போறது. அந்தக் காலத்துல நம்ம ஊர் முகாம்கள்ல மங்கின லென்ஸை வெளியே எடுத்துடுவாங்க, பதிலுக்கு உள்ளே எதுவும் வைக்க மாட்டாங்க. கண்ணுக்குள்ள இல்லாத லென்ஸோட வேலையை, மூக்கு மேல உட்கார்ந்திருக்கிற சோடாபுட்டி செய்யணும். அதைப் போட்டா எல்லாமே ஏறக்குறைய கால் பங்கு பெரிசாத் தெரியும். படி எங்க இருக்குன்னே பிடிபடாது. ஆச்சி காலால தடவித் தடவி நடந்ததுக்கு வயசு மட்டும் காரணமில்லை. அப்படிப் பார்த்தா அந்தக் கண்ணாடி ஒரு மருத்துவக் கருவி, அறுவைச் சிகிச்சையோட கடைசிப் பகுதி.

கொஞ்சம் பின்னாடி போவோம். இந்தியாவில் கண்புரைக்கு இருந்த பழைய வைத்தியம் ஊசி குத்துறது. சுசுருத சம்ஹிதையிலேயே இந்த முறை வருது. ஊசியால மங்கின லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே பின்னால தள்ளி விட்டுடுவாங்க. உடனே வெளிச்சம் தெரியும். வைத்தியர் கூலி வாங்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவார். ஆனா பலருக்கு அப்புறமா கண்ணுல சீழ் பிடிக்கும், இல்லைன்னா அழுத்தம் கூடி மறுபடியும் இருட்டாகும். லென்ஸைத் தள்ளாம வெளியே எடுக்குற முறையை 1747-ல் பிரான்ஸில் ழாக் தவியேல் செய்து காட்டினார். இருந்தும் நம்ம கிராமங்களில் ஊசி குத்துறது 20-ஆம் நூற்றாண்டு வரைக்கும் நடந்தது.

இதைச் சேகரிச்சு ஆராய்ந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளர். அந்த மருத்துவமனை 1819-ல் தொடங்கியது, அதாவது லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் வந்து வெறும் 14 வருஷத்துல. எலியட் 1909-ல் கிளாக்கோமாவுக்கு ஒரு புது அறுவைச் சிகிச்சையை ஆரம்பிச்சார். டிரிஃபைன்னு ஒரு சின்னக் குழாய்க் கத்தியால, கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில் ஒரு வட்டத் துளை போட்டு, உள்ளே தேங்குற நீருக்கு வடிகால் கொடுக்குறது. நுட்பம் பல தடவை மாறிடுச்சு. நீருக்கு ஒரு வழி விடணும்ங்கற யோசனை இன்னும் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கு.

அவர் பேர்லயே எழும்பூர் வளாகத்தில் ஒரு பள்ளிக் கட்டடமும் அருங்காட்சியகமும் இருக்கு. பழைய கருவிகளும் பதிவேடுகளும் அங்க சேர்த்து வைக்கப்பட்டிருக்கு. ஊசி குத்தினதால கெட்டுப்போன கண்களையும் எலியட் சேகரிச்சார். அதை வச்சு 1917-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் உரை நிகழ்த்தினார்.

இங்க ஒரு நிமிஷம் நிற்கணும். ஒரு சேகரிப்புக்குள்ள என்ன வந்து சேருது? கண் கெட்டுப்போனவங்கதான் எழும்பூருக்கு வருவாங்க. ஊசி குத்தி நாலு வருஷம் நல்லாப் பார்த்தவர் ரயிலேறி சென்னைக்கு வந்து, “எனக்கு நல்லா இருக்கு, எழுதிக்கோங்க”ன்னு சொல்ல மாட்டார். எலியட்டோட முடிவு தப்புன்னு நான் சொல்லலை, அந்த முறை ஆபத்தானதுதான். ஆனா எந்த அலமாரியைப் பார்த்தாலும், இதுக்குள்ள வராமப் போனது எதுன்னு ஒரு தடவை கேட்டுக்கணும்.

இதுக்கு மாற்றா ஒரு உதாரணம் தஞ்சாவூர்ல இருக்கு. இரண்டாம் சரபோஜி (ஆட்சிக் காலம் 1798 முதல் 1832 வரை) தன்வந்திரி மகால் நடத்தினார், கண் வைத்தியத்திலும் ஈடுபட்டார். நோயாளிகளோட விவரத்தையும், அவங்க கண்ணை வண்ணத்துல வரைஞ்ச படங்களையும் சேர்த்துப் பதிஞ்சு வச்சது சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்னும் இருக்கு. இருநூறு வருஷம் கழிச்சும் நாம பார்க்கிறது வெறும் கத்தியை இல்லை. யாருடைய கண், அதுல என்ன கோளாறு, என்ன செய்தாங்கன்னு பார்க்கிறோம்.

இப்போ நம்ம ஊருக்குத் திரும்புவோம். 1918-ல், அப்போ திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரம் பக்கம், வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் கோ. வெங்கடசாமி. பிரசவம் பார்க்கிற டாக்டராகணும்னு ஆசைப்பட்டவர். முப்பது வயசுல கடுமையான முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போச்சு. பேனா பிடிக்கவே சிரமம். அந்தக் கையோடதான் எழும்பூர்ல கண் மருத்துவம் படிச்சார். தன் விரலுக்குத் தோதா கருவிகளை வடிவமைச்சு, கத்தி பிடிக்கப் பழகினார். 1976-ல் அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு மதுரையில் 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். திருநெல்வேலிக்கு அது 1988-ல் வந்தது. வாழ்நாளில் அவர் தன் கையாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் செய்தார்.

யோசிச்சுப் பாருங்க. அப்படி ஒரு கருவி, கூட ஒரு சீட்டு இல்லாம ஒரு பெட்டியில கிடந்தா என்ன ஆகும்? கைப்பிடி சரியில்லாத பழைய இடுக்கின்னு நினைச்சுக் கிலோக் கணக்குல போட்டுடுவோம். அந்தக் கோணல்தான் அதோட வரலாறுங்கறது, யார் கை அதுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் புரியும்.

ஆச்சியோட கண்ணாடி வழக்கொழிஞ்ச கதையும் இங்கதான் முடியுது. 1949-ல் லண்டனில் ஹரால்டு ரிட்லி முதன்முதலா ஒரு செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள்ள வச்சார். ஆனா ரொம்ப காலம் அது வெளிநாட்டுச் சரக்கு, ஏழைக்கு எட்டாத விலை. 1992-ல் அரவிந்த் அமைப்பு ஆரோலேப்னு ஒரு தொழிற்கூடம் தொடங்கி, இங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பிச்சது. விலை இறங்கிச்சு, சோடாபுட்டி காணாமப் போச்சு. ஆச்சி அந்த வருஷங்களுக்குக் கொஞ்சம் முந்திட்டாங்க, அவ்வளவுதான்.

ஆதிச்சநல்லூர் மண்ணுக்குள்ள இருந்து வந்த இரும்பைக் கண்ணாடிப் பேழையில வைக்கிறோம், அது நியாயம்தான். ஆனா நாற்பது வருஷத்துக்கு முந்தி நம்ம வீட்டுப் பெரியவங்க உடம்பைத் தொட்ட இரும்பு, வாரா வாரம் காயலான் கடைக்குப் போகுது. கண்ணாடி சிரிஞ்சு, அதைக் கொதிக்க வச்ச எவர்சில்வர் பெட்டி, கம்பவுண்டரோட தராசு, எல்லாமே.

உங்க வீட்டுல ஏதாவது கிடைச்சா, சில விஷயம். பித்தளைன்னா புளி போட்டுப் பளபளன்னு தேய்க்காதீங்க. கை பட்டுத் தேய்ஞ்ச தடம்தான் அதுல முக்கியம், அது போயிடும். ஈரம் ஆகாது. பஞ்சுல பொதிஞ்சா பஞ்சு ஈரத்தை இழுத்து வச்சுக்கும், அதனால சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு உலர்ந்த டப்பாவுல வைங்க. பழைய ஊசி, பிளேடுகளை வெறுங்கையால தொடாதீங்க. உடைஞ்ச பாதரசக் கருவியை வீட்டுல வைக்கவே வேண்டாம். பெட்டி, உறை, கடைச் சீட்டு எதையும் பொருள்லேருந்து பிரிக்காதீங்க. எல்லாத்துக்கும் மேல, தெரிஞ்ச பெரியவங்க உயிரோட இருக்கும்போதே கேட்டு எழுதுங்க: யாருது, எந்த ஊர், எப்போ, வலிச்சுதா, பார்வை வந்துச்சா.

நான் அம்மாகிட்ட உட்கார்ந்து கேட்டேன். தூரப் போடச் சொன்ன அதே அம்மா, அரை மணி நேரம் பேசினாங்க. கட்டு அவிழ்த்து, இந்தக் கண்ணாடியைப் போட்டதும் ஆச்சி முதல்ல கேட்டது, “நீ ஏன் இவ்வளவு மெலிஞ்சிருக்க?”ன்னாம். அதையும் சீட்டுல எழுதி, டப்பாவுக்குள்ள வச்சுட்டேன்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.