சுங்குடிப் புள்ளியும் ஒரு முடிச்சுக் கணக்கும்

ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் காலைக் கப்பலுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஹேவ்லாக் (2018லிருந்து ஸ்வராஜ் த்வீப்) போகிற டூரிஸ்டுகளில் நாலு பேராவது கலர் கலராகச் சுழி போட்ட 'டை அண்ட் டை' டி-ஷர்ட்டில் இருப்பார்கள். இதெல்லாம் 1960களில் அமெரிக்க ஹிப்பிகள் கண்டுபிடித்தது என்று கூட வேலை பார்க்கும் பையன் அடித்துச் சொல்கிறான். மதுரைக்காரன் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? :-)

துணியை முடிந்து சாயம் போடுவது நம் நாட்டில் ரொம்பப் பழசு. அஜந்தாவின் முதல் குகை ஓவியத்திலேயே புள்ளிச் சாயத் துணி இருக்கிறது. ஆங்கிலத்தில் தலைக்குக் கட்டும் 'பந்தானா' கூட, கட்டுதல் என்று பொருள்படும் நம் வடநாட்டுச் சொல்லிலிருந்து போனதுதான்.

மதுரையில் இதற்குப் பெயர் சுங்குடி. சிலர் சுங்கடி என்பார்கள். இதைக் கொண்டுவந்தவர்கள் சௌராஷ்டிர மக்கள். 17ஆம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சியில் மதுரைக்கு வந்து, மகாலைச் சுற்றிய தெருக்களில் குடியேறி நெசவும் சாயமும் செய்தார்கள்.

செய்முறை கேட்க சுலபம். வெள்ளைப் பருத்திப் புடவையை அலசிக் கஞ்சி போக்கி, மடித்து, புள்ளி வரவேண்டிய இடத்தில் அடையாளம் வைப்பார்கள். அங்கே துணியை நக நுனியால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கிச் சுற்றி ஒரு முடிச்சு. இந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. பிறகு சாயத்தில் முக்குவார்கள். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் இறங்காது. காய்ந்ததும் பிரித்தால் வெள்ளைப் புள்ளி. மஞ்சள் புள்ளியும் வேண்டுமென்றால் முதலில் மஞ்சளில் முக்கி, மறுபடி முடிந்து, அப்புறம் சிவப்பு. எப்போதும் வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு.

அந்தக் காலத்துச் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. அதில் இருக்கும் அலிசரினை 1868ல் ஜெர்மனியில் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது மதுரைத் தொட்டிகளுக்கும் வந்தது. வேர் போனது, ஆனாலும் முடிச்சு நின்றது. முடிச்சைக் காலி பண்ணியது 20ஆம் நூற்றாண்டில் வந்த மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும்தான்.

ஏன் என்று ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு புடவைக்குப் பத்தாயிரம் முடிச்சு, ஒன்றுக்குப் பத்து வினாடி என்று வைத்துக்கொண்டாலே கிட்டத்தட்ட 28 மணி நேரம். முடிவதற்கு மட்டும்! நியாயமான கூலி கொடுத்தால் புடவை விலை எங்கே போகும்? அச்சுப் புடவையை அதே பெயரில் அடிமாட்டு விலைக்கு விற்கும்போது எந்தப் பெண் உட்கார்ந்து முடிவாள்?

2005ல் மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் குறியீடு பெயரைத்தான் காப்பாற்றும். முடிச்சுப் போடுகிறவருக்குக் கூலி கொடுக்க வேண்டியது வாங்குகிற நாம்தான்.

ஆகவே ஊருக்குப் போனால் புடவையை விரித்துப் பாருங்கள். புள்ளிகள் எல்லாம் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல இருந்தால் அது அச்சேதான். கொஞ்சம் கோணலாக, ஒன்று பெரிசு ஒன்று சிறிசாக, தொட்டால் முடிந்த சுருக்கம் விரலில் தட்டுப்பட்டால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.