வெள்ளத் தடுப்பும் நீராதிக்கமும்: கல்லோயா அணைக்கட்டின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் நீர்ப்பாசன வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மன்னர்களையும் பொறியியலாளரையும் நடுநாயகமாகக் கொண்டே எழுதிவந்துள்ளனர். நீரைத் தேக்கியவர் யார் என்ற வினாவுக்கு அவ்வரலாறுகளில் விடை உண்டு. தேங்கிய நீர் யாருக்கு, எந்த வரிசையில், எவர் ஆணையின்பேரிற் சென்றது என்ற வினா அவற்றில் அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இவ்வினாவை எழுப்புதற்குக் கல்லோயா அணைக்கட்டு மிகப் பொருத்தமான களமாகும். சுதந்திரத்தின் பின் இந்நாடு மேற்கொண்ட முதலாவது பெரும் பல்நோக்குத் திட்டம் அது. வெள்ளத் தடுப்பு, நீர்ப்பாசனம், மின்னுற்பத்தி என்பன அதன் நோக்கங்களாகக் கூறப்பட்டன. இவற்றுள் வெள்ளத் தடுப்பே அரசியற் சார்பு அற்றதாகத் தோன்றுவது. வெள்ளம் எல்லோர்க்கும் பொதுப்பகை அன்றோ? இத்தோற்றத்தின் பின்னுள்ள உண்மையை நோக்குவதே இக்கட்டுரையின் குறிக்கோளாகும்.

ஆறும் பழைய சமூகமும்

ஊவா மலைச்சரிவுகளில் ஊற்றெடுத்துக் கிழக்கு நோக்கிச் சுமார் 108 கிலோமீற்றர் ஓடிக் கல்முனைக்குத் தெற்கே கடலைச் சேரும் இவ்வாறு, சிங்களத்தில் கல் ஓயா எனவும் தமிழிற் பட்டிப்பளை ஆறு எனவும் வழங்கும். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழைக்காலத்தில் அது கரைகடந்து, சம்மாந்துறை, நிந்தவூர், காரைதீவு முதலிய ஊர்களை அண்டிய தாழ்நில வயல்களை மூழ்கடித்தது. கோடையில் அதே வயல்கள் நீரின்றி வாடின. பெரும்போகம் வெள்ளத்துக்கு அஞ்சிச் செய்யப்பட்டது. சிறுபோகம் பல இடங்களிற் செய்யப்படவே இல்லை.

இப்பழைய ஒழுங்கை நாம் இலட்சியமயப்படுத்த வேண்டியதில்லை. மட்டக்களப்புப் பிரதேசத்தின் நெல்வயல்களிற் கணிசமான பகுதி போடியார்களின் கையில் இருந்தது. அவர்களின்கீழ் வயற்காரர் உழைத்தனர். நீர்ப்பங்கீட்டை வட்டைவிதானை கவனித்தார். வெள்ளம் வந்தபோது போடியார் ஒரு போகத்தை இழந்தார், வயற்காரன் கடனாளியானான். இயற்கையின் தாக்கம் எல்லோர்மீதும் ஒரேவகையாக வீழ்ந்தது என்பது அணைக்கு முன்னரும் உண்மையன்று.

மேற்பகுதியில், ஆற்றின் காடுகளில், வேடர்கள் வாழ்ந்தனர். அவர்களுக்கு இவ்வாறு பகையாக இருந்ததில்லை. வெள்ளத்தைத் தடுக்க எழுந்த நீர்த்தேக்கமே அவர்களது வேட்டை நிலங்களை மூழ்கடித்தது. எஞ்சிய காட்டின் ஒரு பகுதி 1954இல் கல்லோயாத் தேசிய வனமாக்கப்பட்டதும், அவர்களின் மரபுவழி வாழ்க்கை சட்டவிரோதமாயிற்று. தாழ்நிலத்தின் பாதுகாப்புக்கு முதல் விலை கொடுத்தவர் அவ்வயல்களில் ஒரு நெல்மணியும் விளைவித்திராத மக்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அணையின் அரசியற் பொருளாதாரம்

1949ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் கல்லோயா அபிவிருத்திச் சபையைத் தோற்றுவித்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1933இல் நிறுவப்பட்ட ரெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை அதற்கு முன்மாதிரியாயிற்று. அமெரிக்க நிறுவனமான மொறிசன் நுட்சன், பாரிய இயந்திரங்களின் துணையுடன், இங்கினியாகலையிற் குன்றுகளை இணைத்து மண்ணணையை எழுப்பியது. அதன் உயரம் ஏறத்தாழ 140 அடி. நீளம் ஏறத்தாழ 3,600 அடி. அது தேக்கிய நீரின் கொள்ளளவு ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடியாகும். கொள்ளளவில் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இதுவே.

இயந்திரம் அந்நியருடையதாயினும் பணம் இந்நாட்டினது. அன்றைய அரசிறையின் பெரும்பகுதி தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் ஏற்றுமதியைச் சார்ந்திருந்தது. அவற்றுள் முதலிரண்டிலும், சிறப்பாகத் தேயிலையில், மலையகத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பே அடிப்படையாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் அவர்களின் வாக்குரிமையைப் பறித்தது. அவ்வாண்டின் சட்டவரிசையில் 48க்கும் 51க்கும் இடையில் உள்ள தூரம் மிகச் சிறிது. உபரியைப் படைத்தோர் ஒரு சட்டத்தால் நீக்கப்பட்டனர். அவ்வுபரியைக் கொண்டு நிலம் பெறுவோர் மற்றொரு சட்டத்தின் வழி உருவாக்கப்பட்டனர்.

நீர்த்தேக்கத்துக்குச் சேனநாயக்க சமுத்திரம் எனப் பெயரிட்டமையும் கருதற்பாலது. பராக்கிரம சமுத்திரத்தை நினைவூட்டும் இப்பெயர், நவீன முதலாளித்துவ அரசொன்றின் தலைவரைப் பண்டைய மன்னர் வரிசையில் அமர்த்துகின்றது. எட்மண்ட் லீச் 1959இல் வெளியிட்ட கட்டுரையில், இலங்கையின் வரண்ட பிரதேச விவசாயம் மத்திய அதிகாரத்தைவிடக் கிராமக் குளங்களையும் அவற்றைப் பராமரித்த கிராமத்தவரையுமே சார்ந்திருந்தது என விற்போகலின் கருத்தை மறுத்து வாதிட்டார். அவ்வாறாயின், புதுப்பிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட நீர் நாகரிகம் விவசாயியின் மரபன்று. அது அரசவையின் மரபு. அதிலும் ஆட்சியாளர் தமக்கேற்பக் கற்பித்துக்கொண்ட மரபு.

தலைமடையும் கடைமடையும்

வெள்ளத்தைத் தடுக்கும் நீர்த்தேக்கம் மழைக்கு முன் இயன்றவரை வெறுமையாக இருத்தல் வேண்டும். பாசனத்துக்குரிய நீர்த்தேக்கம் இயன்றவரை நிறைந்திருத்தல் வேண்டும். ஒரே அணையிடம் இரண்டையும் எதிர்பார்க்கும்போது, ஒவ்வோர் அங்குலமும் ஒரு தீர்மானமாகின்றது. மண்ணணையின் முடியைக் கடந்து நீர் வழிந்தால் அணையே அரிக்கப்படும். ஆதலின் வான் வழியே உரிய வேளையில் நீரைக் கழித்தாக வேண்டும். 1957 திசெம்பர்ப் பெருவெள்ளத்திற் பல குளங்கள் உடைப்பெடுத்தன. இங்கினியாகலை அணை நின்றது. 1986 ஏப்பிரலிற் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மண்ணணையின் உறுதி அதைக் கட்டிய நாளோடு முடிவதன்று. இடையறாத பராமரிப்பைச் சார்ந்தது என்பதை இவை உணர்த்துகின்றன.

அணைக்கு முன்னர் வெள்ளத்தை மழை தீர்மானித்தது. அணைக்குப் பின்னர் நீரை அலுவலகம் தீர்மானித்தது. வாய்க்காலின் தொடக்கத்திலுள்ளவன் முதலில் எடுக்கிறான். ஈற்றிலுள்ளவன் எஞ்சியதைப் பெறுகிறான். இடதுகரைக் கால்வாய்த் தொகுதியில் தலைமடைப் பகுதிகளிற் பெரும்பாலும் கண்டி, கேகாலை முதலிய மாவட்டங்களிலிருந்து கொணரப்பட்ட நிலமற்ற சிங்கள விவசாயிகள் குடியமர்த்தப்பட்டனர். கடைமடையில் தமிழரும் முஸ்லிம்களும் பெருமளவில் இருந்தனர். இவ்வகையில், நீரோட்டத்தின் வரிசையும் இனப் பரம்பலின் வரிசையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. உற்பத்திச் சாதனத்தின்மீதான உறவு இன உறவாக வேடம் பூண்டது.

1956 யூனிற் சிங்களம் மட்டும் சட்டத்தை அடுத்துக் கல்லோயாவில் நிகழ்ந்த வன்செயலில் ஏறத்தாழ 150 பேர் மாண்டனர் என்ற மதிப்பீடு உண்டு. கொல்லப்பட்டோருட் பெரும்பாலோர் தமிழர். பின்னர் 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அரச குடியேற்றம் பிரதேசத்தின் இனவிகிதத்தையும் தேர்தற் புவியியலையும் மாற்றியது என்ற தமிழ், முஸ்லிம் மக்களின் முறைப்பாடு கற்பனையன்று. எனினும் அம்முறைப்பாட்டை, குடியேறிய ஏழை விவசாயியே பகைவன் என்ற முடிவுக்கு இட்டுச் செல்வது, அவனைக் கருவியாக்கிய அரசைக் கண்ணிலிருந்து மறைப்பதாகும்.

அவ்விவசாயியின் நிலையும் பெருமைப்படத்தக்கதாக இருக்கவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டப்படி அவனது காணியைத் துண்டாடவோ தன் விருப்பப்படி விற்கவோ இயலாது. சட்டம் தடுத்ததைக் கடன் நிறைவேற்றியது: மறைமுகக் குத்தகையும் அடைமானமும் குடியேற்றங்களிற் பரவின. இரண்டாம் தலைமுறை நிலமற்றதாயிற்று. பி. எச். பாமரைத் தலைவராகக் கொண்ட மதிப்பீட்டுக் குழுவின் 1970ஆம் ஆண்டு அறிக்கை, திட்டத்தின் செலவு அதன் பயனை விஞ்சியது எனக் கண்டது.

1981இன் அனுபவம்

எண்பதுகளின் தொடக்கத்தில், வாய்க்கால்கள் தூர்ந்து நீர் அரிதாகியிருந்த நிலையில், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இணைந்து இடதுகரையில் ஒரு முயற்சியை மேற்கொண்டன. 1981இல் இளம் அமைப்பாளர்கள் கிராமங்களில் தங்கி விவசாயிகளை வயல்வாய்க்கால் அடிப்படையில் ஒன்றுசேர்த்தனர். ஆண்டுக்கணக்காகத் துப்புரவு செய்யப்படாத வாய்க்கால்களை விவசாயிகளே கூடித் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். தலைமடைச் சிங்கள விவசாயிகள் தாம் மிச்சப்படுத்திய நீரைக் கடைமடைத் தமிழ் விவசாயிகளுக்கு விட்டுக்கொடுத்த நிகழ்வுகளை நோமன் அப்கொவ் தமது 1992ஆம் ஆண்டு நூலிற் பதிவு செய்துள்ளார்.

இதனை நல்லெண்ணத்தின் வெற்றியென மட்டும் கொள்ளுதல் போதாது. அமெரிக்க உதவிப் பணத்தில் நடந்த இம்முயற்சி, பராமரிப்புச் சுமையை அரசின் தோளிலிருந்து விவசாயியின் தோளுக்கு மாற்றும் கொள்கைக்கும் வழிவகுத்தது. ஆயினும் அதில் வெளிப்பட்ட உண்மை முக்கியமானது. 1956இல் வன்செயல் நிகழ்ந்த அதே பள்ளத்தாக்கில், இருபத்தைந்து ஆண்டுகளின் பின், அதே நீரைப் பற்றியே இரு சாராரும் உடன்பாடு கண்டனர். மாறியது இனமுமன்று, மதகுமன்று. நீர் பற்றிய தீர்மானத்தை எடுப்பவர் யார் என்பதே.

மார்க்சியம் நமக்குக் கற்பித்த பாடங்களுள் ஒன்று, பொருள்களின் இயல்பாகத் தோன்றுவது பலவேளைகளில் மனித உறவுகளின் விளைவு என்பதாகும். தலைமடை, கடைமடை என்பன நிலத்தின் சாய்வினால் மட்டும் அமைவனவல்ல. அச்சாய்வை யார், எவர் நலனுக்காகப் பயன்படுத்துகின்றனர் என்பதனாலும் அமைவன. அணை வெள்ளத்தைக் கட்டுப்படுத்தியது என்பதை நாம் மறுக்கவில்லை. அணையைக் கட்டுப்படுத்தும் உரிமை அதன்கீழ் உழுவோரைச் சேரும்வரை, கல்லோயாவின் வரலாறு பொறியியல் வரலாறாக மட்டும் எழுதப்படலாகாது என்பதே நமது துணிபு.