நோயாளியின் ரத்த அணுவே புற்றுநோய்க்கு மருந்து... கார்-டி சிகிச்சை என்றால் என்ன? யார் இந்த கார்ல் ஜூன்?

2012 ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் 6 வயதுச் சிறுமி ஒருத்தி அனுமதிக்கப்பட்டிருந்தாள். ரத்தப் புற்றுநோய். கீமோதெரபி கொடுத்தும் இரண்டு முறை நோய் திரும்பி வந்துவிட்டது. டாக்டர்கள் கையில் மிச்சமிருந்தது, அதுவரை எந்தக் குழந்தைக்கும் கொடுத்துப் பார்க்காத ஒரு புதிய சிகிச்சை.

அதை உருவாக்கிய குழுவின் தலைவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஜூன்.

யார் இவர்?

1953-ல் பிறந்தவர். அமெரிக்கக் கடற்படை அகாடமியில் படித்து, பிறகு மருத்துவம் முடித்து, கடற்படை மருத்துவராகப் பணியாற்றியவர். 1980-களில் சியாட்டில் நகரில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பற்றிப் பயிற்சி எடுத்தார். அதன்பின் கடற்படை ஆய்வகத்தில், 'டி செல்' எனப்படும் வெள்ளை அணுக்களை உடலுக்கு வெளியே வளர்ப்பது எப்படி என்று ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சி முதலில் எச்.ஐ.வி நோயாளிகளுக்குத்தான் பயன்பட்டது.

1999-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2001-ல் அவருடைய மனைவி கருப்பைச் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார். நோய் எதிர்ப்பு சக்தியை வைத்தே புற்றுநோயை வீழ்த்த வேண்டும் என்ற அவருடைய தேடல் அதோடு நிற்கவில்லை.

கார்-டி எப்படி வேலை செய்கிறது?

சிம்பிளா சொன்னா, டி செல்கள் நம் உடலின் சிப்பாய்கள். வெளியிலிருந்து வரும் கிருமியை அடையாளம் கண்டு அடிக்கும். ஆனா புற்றுநோய் செல் நம் உடம்பிலேயே பிறந்தது. அதனால் சிப்பாய்க்கு எதிரி யாருன்னே தெரிவதில்லை.

இங்கேதான் கார்-டி வருகிறது.

* முதலில் நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுப்பார்கள்.
* ஆய்வகத்தில் அவற்றுக்குள் ஒரு புதிய மரபணுவைச் செலுத்துவார்கள். அதைச் சுமந்து செல்லும் வாகனம் எது தெரியுமா? நோய் உண்டாக்கும் தன்மை நீக்கப்பட்ட எச்.ஐ.வி வகை வைரஸ்!
* அந்த மரபணு, புற்றுநோய் செல்லின் மேல் இருக்கும் 'சி.டி.19' என்ற புரதத்தைக் கண்டுபிடிக்கும் கொக்கியை டி செல்லுக்குக் கொடுக்கும்.
* பிறகு அந்த செல்களைப் பல மடங்கு பெருக்கி, நோயாளிக்கே திரும்ப ஏற்றுவார்கள்.

இது ஜூன் ஒருவரின் சாதனை மட்டும் அல்ல. இந்த யோசனைக்கு 1980-களின் கடைசியில் அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் இஸ்ரேலின் ஸெலிக் எஷார். ஜூன் குழு பயன்படுத்திய வடிவம், டாரியோ கம்பானா குழுவின் ஆய்விலிருந்து வந்தது. அதை நோயாளியின் படுக்கை வரை கொண்டுவந்ததுதான் ஜூன் குழுவின் பங்கு. 2010-ல் பெரியவர்கள் மூன்று பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பேருக்குப் புற்றுநோயே தென்படாத அளவுக்குப் பலன் கிடைத்தது.

சிறுமிக்கு என்ன ஆனது?

செல்களை ஏற்றிய சில நாட்களில் கடும் காய்ச்சல். ரத்த அழுத்தம் சரிந்தது. வென்டிலேட்டர் வைக்கும் நிலை. டி செல்கள் ஆவேசமாகச் சண்டை போடும்போது ரத்தத்தில் அழற்சிப் பொருட்கள் எக்கச்சக்கமாகப் பெருகும். இதற்குப் பெயர் 'சைட்டோகைன் புயல்'.

ரத்தப் பரிசோதனையில் ஐ.எல்-6 என்ற பொருள் மிக அதிகமாக இருப்பது தெரிந்தது. ஜூனின் மகளுக்குக் குழந்தைப் பருவ மூட்டுவாதம் இருந்தது. அதனால் ஐ.எல்-6-ஐத் தடுக்கும் 'டோசிலிசுமாப்' என்ற மூட்டுவாத மருந்து பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரியும். கொரோனா இரண்டாம் அலையில் நம்ம ஊரில் மக்கள் தேடி அலைந்தார்களே, அதே மருந்துதான்.

அதைக் கொடுத்த சில மணி நேரத்தில் நிலைமை மாறியது. தனது 7-வது பிறந்தநாளில் சிறுமி கண் விழித்தாள். 10 ஆண்டுகள் கடந்தும் நோய் திரும்பவில்லை.

விலை எவ்வளவு? இந்தியாவில் கிடைக்குமா?

2017 ஆகஸ்ட்டில் அமெரிக்க அரசு 'கிம்ரியா' என்ற பெயரில் இதற்கு அனுமதி கொடுத்தது. அப்போது விலை 4,75,000 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 3 கோடி ரூபாய்! மருத்துவமனைச் செலவு தனி.

இந்தியாவில் மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் பல லட்சம் ரூபாய் என்பது சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத தொகையே.

எல்லோருக்கும் பலன் தருமா?

இல்லை. பி செல் வகை ரத்தப் புற்றுநோய்களில், மற்ற சிகிச்சைகள் கைகொடுக்காதபோதுதான் சி.டி.19 கார்-டி பெரும்பாலும் பயன்படுகிறது. சிலருக்கு நோய் திரும்பலாம். நல்ல பி செல்களும் சேர்ந்து அழிவதால் தொற்று அபாயம் உண்டு. நுரையீரல், மார்பகம் போன்ற இடங்களில் வரும் கட்டிகளில் இதே வெற்றி இன்னும் கிடைக்கவில்லை.

அதனால் 'ஒரே ஊசியில் புற்றுநோய் காலி' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது ரத்தப் புற்றுநோய் இருந்தால், அது எந்த வகை, இந்த சிகிச்சை பொருந்துமா என்பதை ரத்தப் புற்றுநோய் நிபுணரிடம் நேரடியாகக் கேளுங்கள்.