இருபதாயிரம் எழுத்துகளை எண்ணியவர்

புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’ செய்யுளில் எழுதிய நாவல். ருஷ்யர்கள் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். பீட்டர்ஸ்பர்க் கணித மேதை ஆந்திரேய் மார்க்கோவ் அதை எடுத்து எழுத்துகளை எண்ணினார். முதல் 20,000 எழுத்துகளைப் பத்துக்குப் பத்தாக 200 கட்டங்களில் எழுதி, உயிர் எத்தனை, மெய் எத்தனை என்று கையாலேயே கூட்டினார். மாதக் கடைசியில் ஸ்டேட்மெண்ட் கூட்டிச் சரிபார்த்த என் போன்ற குமாஸ்தாக்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

இதற்குப் பின்னால் ஒரு சண்டை இருந்தது.

நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தால், போகப்போகத் தலையின் பங்கு பாதியை நெருங்கும். 1713-இல் வெளியான யாக்கோப் பெர்னூயியின் நூல் இதை நிறுவியது. ‘பெரும் எண்களின் விதி’ என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சுக்காரரான புவாசோன். (புவாசோன் என்றால் மீன். பிரெஞ்சுப் பள்ளி வகுப்பில் அந்தப் பெயர் வந்தாலே எங்களுக்குச் சிரிப்பு.)

மாஸ்கோவில் நெக்ராசோவ் என்றொருவர், இறையியல் படித்துவிட்டுக் கணிதத்துக்கு வந்தவர். ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே இந்த விதி பொருந்தும் என்றார். குற்றங்களின் ஆண்டுக் கணக்கு அதிகம் மாறாமல் நிற்கிறது. ஆகவே ஒவ்வொருவரும் தன் விருப்பப்படியே நடக்கிறார். கணக்கே அதற்குச் சாட்சி என்பது அவர் வாதம்.

மார்க்கோவ் முன்கோபி. 1901-இல் தோல்ஸ்தோயை விலக்கிவைத்த திருச்சபைக்கு, என்னையும் விலக்குங்கள் என்று 1912-இல் தாமே எழுதிப்போட்டவர். கணக்கை இப்படிச் சாட்சிக்கு இழுத்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. ஒன்றையொன்று சார்ந்தவற்றுக்கும் சராசரி நிலைக்கும் என்று 1906-இல் தாளில் நிரூபித்தார். 1913 ஜனவரியில் அறிவியல் கழகத்தில் புஷ்கினை வைத்துக் காட்டினார்.

எண்ணியதில் உயிர் 8,638, மெய் 11,362. உயிருக்கு அடுத்து மறுபடி உயிர் வருவது நூற்றுக்குச் சுமார் 13 தடவை. மெய்க்கு அடுத்து உயிர் வருவது 66 தடவை. அதாவது முன்னால் நிற்கும் எழுத்தைப் பொறுத்தே அடுத்த எழுத்து. அப்படியிருந்தும் மொத்தத்தில் உயிரின் பங்கு 43 சதவீதத்தில் நிலைக்கிறது. (நம் உயிர்மெய்யில் இரண்டும் ஒட்டிக்கிடக்கின்றன, தமிழில் எண்ணப் புகுந்தால் முதலில் பிரிக்கவே நாளாகும்.) மனிதனுக்குச் சுய விருப்பம் இல்லை என்று இதனால் ஆகிவிடாது. சராசரியைக் காட்டி அதை நிரூபிக்க முடியாது, அவ்வளவுதான். என் நோக்கில் வென்றவர் மார்க்கோவ்தான்.

அதே 1913-இல் ஜார் குடும்பம் ஆட்சியின் 300-ஆம் ஆண்டைக் கொண்டாடியது. மார்க்கோவ் பெர்னூயி விதிக்கு 200-ஆம் ஆண்டு விழா எடுத்தார்!

அவருடைய கணக்கை ‘மார்க்கோவ் சங்கிலி’ என்கிறார்கள். சில புள்ளிகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வாய்ப்புகள். பார்த்தால் அது ஒரு வலைதான். எழுத்துகள் இருந்த இடத்தில் இணையப் பக்கங்களை வைத்துப் பாருங்கள். இணைப்புகளைத் தொட்டுத் தொட்டு ஒருவர் மனம்போனபடி அலைந்தால் எந்தப் பக்கத்தில் அதிகம் இருப்பார்? 1998-இல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் அந்தக் கணக்கை வைத்தே பக்கங்களை வரிசைப்படுத்தினார்கள்.

அமெரிக்காவின் கிளாட் ஷானன் 1948-இலேயே, முந்தைய சொல்லைப் பார்த்து அடுத்த சொல்லைப் பொறுக்கி, அரைகுறை ஆங்கில வாக்கியம் அமைத்துக் காட்டியிருந்தார். இன்று செல்போனில் நம்மோடு பேசும் இயந்திரங்கள் முந்தைய ஒரு சொல்லோடு நிற்பதில்லை, ஆயிரக்கணக்கான சொற்களைத் திரும்பிப் பார்க்கின்றன. அடுத்த சொல் எது என்று கணிப்பதுதான் அவற்றுக்கும் வேலை.

மார்க்கோவ் 1922-இல் காலமானார். ஒனேகினோடு நிற்காமல், அக்சாகோவின் உரைநடை நூல் ஒன்றிலும் 1,00,000 எழுத்துகளை எண்ணி முடித்திருந்தார்.