களிமண் வில்லையும் கொடுத்த வாக்கும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், இங்கே மாசாயில், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்து வந்தேன். கையால் தொட்டு எண்ணும் பொருளே எண்ணை மனத்தில் நிறுத்தும் என்பது ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று. ஆகவே, ஒரு மட்பாண்டப் பட்டறையில் சொல்லி, சுட்ட களிமண் வில்லைகள் 200 செய்து வாங்கினேன். ஒருபுறம் எண், மறுபுறம் ‘அ’ என்னும் எழுத்து. பயிற்சியை முடிப்பவருக்கு வில்லை உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பில் நடக்கும் சிறு கடையில் அதைக் கொடுத்து எழுதுகோல், அழிப்பான், கதைப்புத்தகம் வாங்கலாம்.

ஆண்டின் நடுவில் வில்லைகள் குறைந்துவிட்டன. சில உடைந்தன, சில தொலைந்தன, புதிய மாணவர்களும் சேர்ந்தனர். மேலும் 60 வில்லைகள் செய்யச் சொன்னேன். அதே அச்சு, அதே எழுத்து. ஆனால் வந்தவை சற்றே சிவப்பாகவும் ஒரு மயிரிழை சிறியனவாகவும் இருந்தன. மண் வேறானால் நிறம் வேறாகும். சூளையின் வெப்பம் வேறானால் சுருக்கமும் வேறாகும். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்த மாதம் பள்ளிக்கு வந்த மாணவன் ஒருவனிடம் இருந்தவை அனைத்தும் புதிய வில்லைகளே. வெள்ளிக்கிழமை கடையில் நின்ற மாணவி அவற்றை வாங்க மறுத்துவிட்டாள். “ஐயா, இது கள்ள வில்லை” என்றாள். வகுப்பு முழுவதும் அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் ஒன்றும் பேசாமல் கையை மூடிக்கொண்டு நின்றான். உழைத்துப் பெற்றதைக் கொண்டுவந்த குழந்தை கள்ளன் ஆனான். பிழை என்னுடையது.

அன்று இரவு தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

சில்லும் வில்லையும்

சுட்ட மண்ணை வட்டமாக்கி விளையாடுவது நமக்குப் புதிதன்று. கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் பானை ஓட்டில் செதுக்கிய வட்டச் சில்லுகளும் நிறையக் கிடைத்துள்ளன. ஆனால், ஒரு சில்லு தொலைந்தால் வேறோர் ஓட்டை எடுத்துத் தேய்த்துக் கொள்ளலாம், ஆட்டம் கெடாது. ஏனெனில் சில்லு எதற்கும் ஈடாக நிற்பதில்லை. வில்லை அப்படியன்று. அது ஒருவர் கொடுத்த வாக்குக்கு ஈடாக நிற்கிறது.

சியாமின் பீங்கான் வில்லைகள்

இவ்வேறுபாட்டை நன்கு காட்டும் வரலாறு நமக்கு வடக்கே, இன்று தாய்லாந்து எனப்படும் சியாமில் இருக்கிறது. அங்கே சூதாட்டக் கூடம் நடத்தும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது. குத்தகை எடுத்தவர்கள் பெரும்பாலும் சீன வணிகர்கள். தத்தம் கூடங்களுக்கெனத் தனி வில்லைகளைச் சீனத்துச் சூளைகளில் சொல்லிச் செய்வித்தனர். வெண்களிமண்ணால் ஆன பீங்கான் வில்லைகள் அவை. வட்டம், எண்கோணம், விண்மீன், வண்ணத்துப்பூச்சி எனப் பல வடிவங்களில் இருந்தன. கூடத்தின் பெயரும் மதிப்பும் சீன எழுத்தில் பொறிக்கப்பட்டன. ‘பீ’ என்பது அவற்றின் பெயர்.

கூடத்திற்குள் ஆட வந்த வில்லை விரைவில் சந்தைக்கும் போயிற்று. காரணம் எளியது. ஒரு பாட் என்பது 8 ஃபுவாங். அதாவது 64 அட். வெள்ளிக் காசைவிடச் சிறிய செலவுக்கு மக்கள் சோழிகளையே நம்பியிருந்தனர். சில்லறைத் தட்டுப்பாடு மிகுந்த அந்நாளில், கூடத்திற் கொடுத்தால் பணமாக மாறும் பீங்கான் துண்டு காய்கறி வாங்கவும் பயன்பட்டது.

பணமாகப் புழங்கியதும் போலிகள் தோன்றின. அப்போது கூடத்தார் பழைய வில்லைகளைத் திரும்பப் பெற்று, வேறு வடிவில் புதியன வெளியிட்டனர். தெருத்தெருவாகச் சேகண்டி அடித்து அறிவித்தனர். மாற்றிக்கொள்ளச் சில நாள்களே தவணை. அது கடந்தால் கையிலுள்ளது வெறும் ஓடு. இன்று அத்தனை வகை வில்லைகள் நாணயச் சேகரிப்பாளர்களிடம் இருப்பதற்கு இவ்வாறு அடிக்கடி மாற்றியதும் ஒரு காரணம்.

பெற்றோர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். சேகண்டி ஒலி எட்டாத தொலைவில் வாழ்ந்த சிறு வியாபாரியின் நிலை என்ன? போலி செய்தவர் வேறு யாரோ. இழந்தவரோ நேர்மையாகப் பொருள் விற்றுப் பெற்றவர்.

அரசர் சுலாலங்கோன் ஆட்சியில், 1875ஆம் ஆண்டில், இவ்வில்லைகளைப் பணமாகப் புழங்குவது தடைசெய்யப்பட்டது. சூதாட்டக் கூடங்களும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1917இல் முற்றாக மூடப்பட்டன.

நம் ஜொகூரில்

இத்தகைய குத்தகை முறை நம் மண்ணிலும் வேரூன்றியிருந்தது. தெமெங்கோங் இப்ராகிம் காலத்தில், 1844 முதல், ஆற்றங்கரை நிலங்கள் மிளகும் கம்பீரும் பயிரிடச் சீனத் தலைவர்களுக்கு வழங்கப்பட்டன. ‘கங்சு’ எனப்பட்ட அத்தலைவர்களுக்கு நிலத்தோடு அபினி, மது, சூதாட்டம் ஆகியவற்றின் உரிமையும் சேர்ந்து கிடைத்தது. கூலியாகக் கொடுத்த பணம் அவ்வழியே பெருமளவு திரும்பி வந்தது. மாசாயிலிருந்து அதிகத் தொலைவில்லாத கங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயரில் அந்தக் காலம் இன்றும் ஒட்டியிருக்கிறது. கங்சு முறையும் அதே 1917ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

சூதாட்டத்தைப் பற்றி ஆசிரியர் எழுதலாமா எனச் சிலர் கேட்கக்கூடும். சூதின் கேட்டைத் திருவள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதும் சொல்லிவிட்டார். நான் இங்கே ஆராய்வது ஆட்டத்தை அன்று, வில்லையை.

முன்கூட்டியே எண்ணுதல்

இக்காலப் போக்கர் ஆட்டத்தில் புழங்கும் ‘களிமண் வில்லை’ சூளையில் சுட்டதன்று. களிமண் தூளுடன் வேறு பொருள்களையும் கலந்து, சூடான அச்சில் அழுத்திச் செய்வது. அதனைச் சொல்லிச் செய்விப்போர் ஓர் உண்மையை அறிவர்: பின்னாளில் வாங்குவது முன்னதோடு நிறம் ஒத்திராமல் போகலாம், அச்சே கிடைக்காமலும் போகலாம். எனவே தொடக்கத்திலேயே உபரியாக வாங்கி வைப்பர்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், சூதாட்டக் கூடங்கள் நிறக்குறிகளால் வேறுபட்ட மாற்று வில்லைத் தொகுதி ஒன்றையும் இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. போலி நுழைந்தால் உடனே மாற்றுவதற்காகவே அந்த ஏற்பாடு. ஆயினும் 2014 ஜனவரியில், அம்மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டி நகரில், போர்கேட்டா கூடத்தில் நடந்த போட்டிக்குள் போலி வில்லைகள் புகுந்தன. போட்டி இரத்தாயிற்று. அங்கும் முறையாக ஆடியவர்கள் பரிசுக்குக் காத்துக் கிடந்தனர்.

மீண்டும் வகுப்பறைக்கு

இவற்றையெல்லாம் படித்தபின் நான் செய்தது இதுதான். முதலில் வகுப்பின் முன் நின்று, அந்த வில்லைகளைக் கொடுத்தவன் நானே என்று சொன்னேன். அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்னர் எல்லா வில்லைகளையும் திரும்பப் பெற்றேன். பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினேன். அந்த மாணவனே மணியடித்து அறிவித்தான். மாற்றித் தரும் காசாளனாகவும் அவனே அமர்ந்தான். புதிதாக 400 வில்லைகளை ஒரே மண்ணில், ஒரே சூட்டில் செய்வித்தேன். 300 புழக்கத்திற்கு, 100 பூட்டிய அலமாரியில். பின்புறத்தில் ஆண்டையும் பொறித்தேன். இனி வேறொரு தொகுதி வந்தால், அதன் வேறுபாடு ஐயத்திற்கு இடமின்றி வெளிப்படையாகத் தெரியும்.

சியாமியக் கூடத்தாரிடமிருந்து ஒன்றில் மட்டும் மாறுபட்டேன். தவணை வைக்கவில்லை.

ஆண்டிறுதியில் ஒரு தாயார் மூன்று பழைய வில்லைகளுடன் வந்தார். வீட்டைக் கூட்டும்போது அலமாரிக்கு அடியில் கிடைத்தனவாம். “ஐயா, இவை இன்னும் செல்லுமா?” என்று தயக்கத்துடன் கேட்டார்.

“செல்லும், அம்மா” என்று சொல்லி மூன்று புதிய வில்லைகளை எண்ணிக் கொடுத்தேன்.