உரிமையாளர் மாற்றமும் வாடகை உயர்வும் (கோயம்புத்தூர்)

குடித்தனக்காரர் இருக்கும்போதே வீடோ கடையோ கைமாறினால் வாடகை என்ன ஆகும் என்பது பற்றிய சட்டமும் வழக்கமும். அடிப்படை, 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 109ஆம் பிரிவு. அதன்படி வாங்கியவர் விற்றவரின் இடத்துக்கு வருகிறார். பழைய ஒப்பந்தமும் கூடவே வருகிறது. கிரயம் நடந்தது தெரியாமல் பழைய வீட்டுக்காரரிடம் வாடகை கொடுத்தவர், அதைப் புதியவருக்கு மறுபடி கொடுக்க வேண்டியதில்லை.

இந்த அடிப்படைக்கு மேல், இரண்டாம் உலகப் போர்க்கால ஆணைகளும் 1946, 1949 சட்டங்களும் வாடகைக்கு உச்சவரம்பு கட்டின.

1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டமான தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் ஏறத்தாழ 60 ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அப்போது ‘கூட்டிக் கொடுங்க, இல்லைன்னா காலி பண்ணுங்க’ என்று புதிய வீட்டுக்காரர் சொன்னால் மட்டும் போதாது. மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் ஆர்.சி.ஓ.பி. (வாடகைக் கட்டுப்பாட்டு அசல் மனு) போட வேண்டியிருந்தது. சொந்தத் தேவைக்கென்று காலிசெய்யக் கேட்பதானாலும், கிரயம் பதிவாகி 3 மாதம் கழிந்த பிறகே கேட்க முடிந்தது.

அந்தச் சட்டத்தில் நியாய வாடகைக்குக் கணக்கு இருந்தது. வாங்கியவர் கொடுத்த விலையை நேரடியாக எடுக்கவில்லை. மனையின் சந்தை மதிப்பு, தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவு, வசதிகள் ஆகியவற்றைக் கூட்டி, 1973 திருத்தத்துக்குப் பின் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதமும் மற்றவற்றுக்கு 12 சதவீதமும் வாடகையாகக் கொண்டனர். தேய்மானத்துக்காகச் சுவர் சுண்ணாம்புச் சாந்தா மண் சாந்தா, மரம் தேக்கா என்றெல்லாம் பார்த்தார்கள். வசதிகளின் அட்டவணையில் லிஃப்ட், மொசைக் தரை, மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றோடு டென்னிஸ் மைதானமும் குடித்தனக்காரர் அனுபவிக்கும் மரங்களின் பலனும் இருந்தன. கொல்லைத் தென்னையில் தேங்காய் பறித்துக்கொண்டால் அதையும் கணக்கில் சேர்க்க முடிந்தது.

ஒப்பந்தக் காலம் முடியுமுன்பே வீட்டுக்காரர் நியாய வாடகை கேட்டு வாடகையை ஏற்றலாமா என்பது நெடுநாள் சர்ச்சை. ராவல் அண்டு கம்பெனி வழக்கில் (1974) உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை கேட்கலாம் என்றது. மாறுபட்ட தீர்ப்பும் உண்டு. குடித்தனக்காரரைக் காக்கப் பிறந்த சட்டம் அவருக்கே எதிராகத் திரும்புகிறது என்ற வாதம் அதன் பிறகும் ஓயவில்லை. விற்றவரிடம் கொடுத்திருந்த அட்வான்ஸை வாங்கியவர் திருப்பித் தர வேண்டுமா என்பதிலும் கருத்து ஒன்றாக இல்லை. ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றது சட்டம். ஊர் வழக்கமோ 10 மாதம். அந்தத் தொகையைக் கிரய விலையிலேயே கழித்துக்கொள்வதும் உண்டு.

1960 சட்டம் அடிப்படையில் நகராட்சிகளுக்கானதாக இருந்தது. அதன் எல்லைக்கு வெளியே, அரசு தனியே அறிவிக்காத ஊராட்சிகளின் லைன் வீடுகளிலும் வளவு வீடுகளிலும், 1882 சட்டமும் வாய்ப்பேச்சுமே துணையாக இருந்தன. 

2019 பிப்ரவரி 22 முதல், 1960 சட்டத்துக்குப் பதிலாக, வீட்டுக்காரர், குடித்தனக்காரர் ஆகியோரின் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய 2017ஆம் ஆண்டின் 42ஆம் சட்டம் நடப்பில் உள்ளது. நியாய வாடகைக் கணக்கு போய்விட்டது. எழுத்து ஒப்பந்தத்தில் உள்ளதே வாடகை. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது.