தம்பினில் தோற்ற மாத்திரை

மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலக் குன்றுச் சரிவுகளில் ரப்பர் நடுவதற்காகக் காடு அழிக்கப்பட்டபோது, அதுவரை நிழலில் ஓடிய சிற்றோடைகளில் வெயில் விழுந்தது. வெயில்படும் தெளிந்த நீரை விரும்பும் அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் என்ற கொசு அங்கே பெருகியதால், தமிழகத்திலிருந்து வந்து லயங்களில் குடியிருந்த தொழிலாளரை மலேரியா ஓயாமல் வருத்தியது. அந்நோயை எதிர்க்க நெடுங்காலம் கைகொடுத்தது கசப்பான கொய்னா மருந்துதான்.

1945இல் கர்ட், டேவி, ரோஸ் ஆகிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்ட புரோகுவானில், பாலுட்ரின் என்ற வணிகப் பெயரில் மலாயாவுக்கும் வந்தது. இம்மருந்துக்கு ஒரு விசித்திரம் இருந்தது: கண்ணாடிக் குழாயில் நேரடியாகக் கலந்தால் மலேரியாக் கிருமிக்கு எதுவும் நேரவில்லை, மருந்துண்டவரின் உடலிலிருந்து எடுத்த இரத்தச் சீரமோ கிருமியை ஒடுக்கியது. அதாவது விழுங்கப்பட்டது மருந்தன்று, மருந்தின் மூலப்பொருளே; கல்லீரலில் உள்ள நொதிகள், அதாவது வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்கள், அதை வினைபுரியும் வடிவுக்கு மாற்றின. இத்தகைய பொருளை முன்மருந்து என்பர்.  

நெகிரி செம்பிலானின் தம்பின் வட்டாரத்தில் ஆய்வு நடத்திய ஃபீல்டும் ஈட்சனும், பாலுட்ரினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் வகை மலேரியாவை 1949இல் அறிவித்தனர். பின்னாளில் சைக்ளோகுவானில் எனப் பெயர்பெற்ற, கிருமியைக் கொல்லும் உண்மையான பொருள் வேதியியலாரால் இனங்காணப்பட்டதோ 1951இல்தான். மருந்து எதுவென்று தெளிவாகும் முன்பே அதை வெல்லக் கிருமி கற்றுவிட்டது என்பதே தம்பின் வரலாற்றின் தனித்தன்மை.

கிருமி தன் மரபுப்பொருளை ஆக்குவதற்குத் தேவையான ஃபோலேட் நொதியொன்றைச் சைக்ளோகுவானில் முடக்குகிறது. அந்நொதியின் அமைப்பு சிறிது மாறினாலும் மருந்தின் பிடி தளர்ந்துவிடும். மறுபுறம், மூலப்பொருளை மருந்தாக்கும் சிஒய்பி2சி19 என்ற மனித நொதி பிறப்பிலேயே வலுக்குன்றியவர்கள் ஐரோப்பியரைவிட ஆசியரிடையே மிகுதி என்பது பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே புலப்பட்டது. ஆகவே ஒரே மாத்திரை, கிருமியின் நொதியாலும் தோற்கலாம், நோயாளியின் நொதியாலும் தோற்கலாம்; தோட்டத்து மருந்தறையில் எல்லாருக்கும் எண்ணிக் கொடுத்த காலத்தில் இவ்வேறுபாட்டைக் காண வழியில்லை.

புரோகுவானில் இன்றும் அட்டோவாகுவோன் என்ற மருந்துடன் சேர்த்து விற்கப்படுகிறது; அக்கூட்டில் அட்டோவாகுவோனின் வீரியத்தைக் கூட்டுவது சைக்ளோகுவானில் அன்று, உருமாறாத புரோகுவானிலே.